ஐநூற்று எழுபத்தாறு

பணகுடிக்குத் தெற்கே, ஆனி மாதக் காற்று
சைக்கிளை ஆளோடு சேர்த்து ஓரத்துக்குத் தள்ளும்.
மலைக்கும் சாலைக்கும் நடுவில் காற்றாலைகள்
வரிசை தப்பி நின்று சுற்றுகின்றன.
இத்தனை காற்றுக்கு மத்தியில்
எங்கள் மில்லுக்கு ஜன்னல் இல்லை.
நூலுக்கு ஈரம் வேண்டும்,
ஈரத்துக்கு அடைத்த சுவர் வேண்டும்.
ஒற்றை விசிறி, கரண்டைத் தின்று,
உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சு வாங்கித் தருகிறது.

விசிறியின் வாய் புனல் மாதிரி.
அகன்ற இடத்தில் ஒரு துளை
குறுகிய கழுத்தில் ஒரு துளை
இரண்டிலிருந்தும் பென்சில் தடிமனில் நீலக்குழாய்
என் உள்ளங்கை அளவுப் பெட்டிக்குள் போகும்.
கழுத்தில் காற்று விரைய, அழுத்தம் இறங்கும்.
இறங்கியது எவ்வளவு என்பதே கணக்கு:
வர்க்கமூலம் எடு, ஆயிரத்து எண்ணூறால் பெருக்கு.

ஐநூற்று எழுபத்தாறு பாஸ்கல்.
சுண்டுவிரல் உயரத் தண்ணீரின் கனம், அவ்வளவுதான்.
மூலம் இருபத்து நான்கு.
மணிக்கு நாற்பத்து மூவாயிரத்து இருநூறு கன மீட்டர்.
மூன்று வாரமாக இதையே பதிவேட்டில் எழுதி வந்தேன்,
ஒரு இலக்கம்கூட மாறவில்லை என்று
உள்ளூரக் கொஞ்சம் பெருமையோடு.

"காத்தே வரலக்கா" என்றாள் ஆவுடைத்தங்கம்,
ஏழாம் நம்பர் மிஷினில் அறுந்த இழையை ஒட்டிக்கொண்டே.
நான் திரையைக் காட்டினேன்.
அவள் தலைக்கு மேல் காட்டினாள்.
காற்று வரும் கம்பித் தட்டியில்
கழிவு நூல் ஒன்றை எப்போதோ கட்டியிருக்கிறாள்.
அது செத்த பாம்பு மாதிரித் தொங்கியது.
"இது என்ன சொல்லுது, கேளுங்க."

ஷிப்டு மாறும் இடைவெளியில்
விசிறியை நிறுத்தச் சொன்னேன்.
இறக்கைகள் தயங்கித் தயங்கி நின்றன.
மில்லுக்குள் அப்படியொரு அமைதியை
பொங்கல் லீவில்கூட நான் கேட்டதில்லை.
திரையைப் பார்த்தேன்.
ஐநூற்று எழுபத்தாறு.

நின்ற விசிறி.
ஓடுகிற எண்.

குழாய்களைப் பிடுங்கினேன், பெட்டி உடனே பூஜ்யத்துக்கு வந்தது.
பாவம், அதன்மேல் குற்றமில்லை.
கழுத்துத் துளையின் வாயில்
மண் குழைத்து வீடு கட்டியிருந்தது ஒரு குளவி.
எந்தக் கதவிடுக்கில் நுழைந்ததோ!
மூன்று வாரத்துக்கு முந்தைய காற்றை
குழாய்க்குள் முத்திரை வைத்துவிட்டுப் போயிருக்கிறது.
நான் அதைத்தான் நாள்தோறும் அளந்திருக்கிறேன்.

மண்ணைக் குத்தி எடுத்தேன். விசிறி எழுந்தது.
நூற்று நாற்பத்து நான்கு.
மூலம் பன்னிரண்டு.
கால்வாசி அழுத்தம், பாதிக் காற்று.
வடிகட்டிகளைத் திறந்தால்
பஞ்சு, மெத்தைபோல், விரற்கடை கனத்துக்கு.

"இன்னைக்கு ஆடிட்டு, பழைய எண்ணையே போட்டிரும்மா,
நாளைக்கு மாத்திக்கிடலாம்" என்றார் நம்பிராஜன் சார்.
நல்ல மனுஷர்தான். மகள் கல்யாணத்துக்கு லோன் கேட்டிருக்கிறார்.
பேனா கையில் கொஞ்ச நேரம் இருந்தது.
இருபத்தோராயிரத்து அறுநூறு என்று
எண்ணாலும் எழுத்தாலும் எழுதினேன்.
அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.

புது வடிகட்டி மாட்ட இரவு ஒன்பதாகிவிட்டது.
ஐநூற்று இருபத்தொன்பது. மூலம் இருபத்து மூன்று.
ஏழாம் நம்பர் பக்கம் போனேன்.
ஆவுடைத்தங்கம் எப்போதோ வீட்டுக்குப் போயிருந்தாள்.
அவள் நூல் படுக்கைவாட்டில் நீண்டு
நுனி மட்டும் படபடத்தது.
பிய்ந்து போகுமோ என்று பக்கத்தில்
இன்னொன்று கட்டினேன்.

வெளியே காற்று முந்தானையைப் பிடுங்கியது.
வள்ளியூர் பஸ் வரவில்லை.
இந்தக் காற்றுக்கு எத்தனை பாஸ்கல் என்று
யோசிக்கத் தொடங்கி, விட்டுவிட்டேன்.
கண்ணில் மண் விழுந்துவிட்டது.